எஞ்சினும் மாறியது, சேஸிஸும் மாறியது. கார் மட்டும் எப்படி அதே கார்?

2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையில்லாத, ‘கோப்ரா’ என்ற ஒரு சின்ன கார் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 92 கோடி ரூபாய். தேய்ந்த தோல் இருக்கைகள், மங்கிய பெயின்ட். ஷோரூம் வாசலில் நிறுத்தினால் செக்யூரிட்டி ஓரமாகப் போடச் சொல்வார். இதே உருவத்தில் ஃபைபர் பாடி கிட் வாங்கி வீட்டு ஷெட்டிலேயே ஒரு காரைக் கட்டிவிடலாம். அதற்கு ஆகும் செலவு இந்த விலையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்படியொரு ஏலச் செய்தி வரும்போதெல்லாம் நம் வாசகர்களுக்கு மூன்று குழப்பங்கள் வருகின்றன:

1. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கார்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் நூறு மடங்கு விலை?
2. நம்மூரில் எஞ்சினை மாற்றி, பாடியை வெட்டினால் காரின் மறுவிற்பனை விலை படுத்துவிடும். அங்கே மட்டும் அது எப்படி ஏறுகிறது?
3. பாதிப் பாகங்கள் மாறிப்போன ஒன்றை ‘ஒரிஜினல்’ என்று எந்த வாயால் சொல்கிறார்கள்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே போக, கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

ஹாட் ராட்: மலிவான காரும் பொறுமையற்ற இளைஞர்களும்

1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு வி8 காரைக் கொண்டுவந்தது. வி8 என்றால், எட்டு சிலிண்டர்கள் வரிசைக்கு நான்காக, ஆங்கில ‘வி’ எழுத்துபோல் சாய்ந்து நிற்கும் எஞ்சின். 3.6 லிட்டர் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். அதுவரை வி8 எஞ்சின் பணக்காரர் வீட்டுச் சொத்து. சில ஆண்டுகளிலேயே இந்தக் கார்கள் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்க ஆரம்பித்தன. தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கிப் பிரித்து, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் நேர்கோட்டில் விரட்டினார்கள். இதை முறைப்படுத்த 1937இலேயே ஒரு சங்கம் உருவாகிவிட்டது. வேகத்துக்காகக் கைவைக்கப்பட்ட இந்தக் கார்களுக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஹாட் ராட்.

கைவைப்பது என்றால் என்னென்ன? வரிசை ஏறக்குறைய எப்போதும் இதுதான்:

1. எடையைக் கழிப்பது. மட்காட், பம்பர், கூரை என்று ஓட்டத்துக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி மூலையில் போடுவது.
2. ஹெட்டைச் சீவுவது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் அடிப்பரப்பை லேசாக இழைத்தால் எரிபொருள் எரியும் இடம் சுருங்கும். கலவை இன்னும் இறுக அமுங்கி, பலமாக வெடிக்கும். கம்ப்ரஷனை ஏற்றுவது என்பது இதுதான்.
3. மூச்சைத் திறந்துவிடுவது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு, மூன்று, வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட், அடைப்பில்லாத எக்ஸாஸ்ட்.
4. இவையெல்லாம் போதாதபோது, எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது.

நான்காவதுதான் நம் கதையைத் திருப்புகிறது.

வளைவு என்று ஒன்று இருக்கிறதே

ஏரிப் படுகையில் வளைவு கிடையாது. சாலைப் பந்தயம் முழுக்க முழுக்க வளைவுதான். அங்கே இங்கிலாந்து, இத்தாலிக் கார்களின் கை ஓங்கியிருந்தது. இங்கிலாந்தில் நீண்ட காலம் காரின் வரி சிலிண்டரின் விட்டத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது; ஆகவே சிறிய எஞ்சினையே செய்து பழகிய ஊர் அது. சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு வேகம் போக வேண்டுமென்றால் கார் இலேசாக இருக்க வேண்டும், வளைவில் தரையை விடாமல் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் நேர் எதிர். பெரிய எஞ்சின், கப்பல் போன்ற பாடி, வளைவில் தொட்டிலாட்டம். ஒருவரிடம் நல்ல சேஸிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்), மற்றவரிடம் நல்ல எஞ்சின். சம்பந்தம் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் பேசி முடித்தவர்களில் ஒருவர் லண்டனின் சிட்னி அல்லார்டு. 1949இல் வந்த அவருடைய ஜே2 காரை அமெரிக்காவுக்கு எஞ்சின் இல்லாமலே கப்பலேற்றினார்கள். வாங்கியவர் 5.4 லிட்டர் காடிலாக் வி8 போன்ற ஒன்றை அங்கேயே பொருத்திக்கொள்வார். 1950ஆம் ஆண்டின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் அல்லார்டும் டாம் கோலும் ஓட்டிய காடிலாக் எஞ்சின் ஜே2வில் கீழ் கியர்கள் போய்விட்டன. டாப் கியரை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் இடம் பிடித்தார்கள். பெரிய எஞ்சினின் இழுவிசைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அமெரிக்காவில் போருக்குப் பிந்தைய சாலைப் பந்தயம் 1948இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊர்த்தெருக்களில் தொடங்கியது. 1952இல் அங்கே ஒரு குழந்தை பந்தயக் கார் மோதி இறந்தது. தெருப் பந்தயத்துக்கு எதிர்ப்பு வலுத்த அந்த ஆண்டுகளில், விமானப்படைத் தளங்களின் ஓடுபாதைகள் பந்தயத்துக்குக் கிடைத்தன. சென்னைக்கு அருகிலுள்ள நம் சோழவரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்றில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் பந்தயம் நடத்தியது.

1950களின் பிற்பாதியில் லாஸ் ஏஞ்சலஸ் பட்டறைகளே சொந்தமாகக் கார் செய்யத் துணிந்தன. இரண்டு துருவங்களைச் சொன்னால் போதும். ஒன்று ஸ்காரப். பெரும் செல்வக் குடும்பத்துப் பிள்ளை லான்ஸ் ரெவன்ட்லோ பணம் போட, தேர்ந்த கைகள் செய்த மூன்றே மூன்று முன்எஞ்சின் கார்கள். ஷெவர்லே வி8 எஞ்சினை 5.6 லிட்டராக்கிப் பொருத்தியிருந்தார்கள். 1958இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பந்தயத்தில் சக் டெய், ஃபில் ஹில் ஓட்டிய ஃபெராரியைப் பின்னுக்குத் தள்ளியது இதில்தான். இன்னொன்று ‘ஓல்ட் யெல்லர்’. ஹாலிவுட்டில் பட்டறை வைத்திருந்த மேக்ஸ் பால்சௌஸ்கியும் அவர் மனைவி ஐனாவும் ப்யூயிக் எஞ்சினை வைத்துக் கட்டிய கார்கள். பார்க்க அசிங்கம், தடவினால் கையைக் கிழிக்கும், டயரில் குடும்பக் கார்களுக்குரிய வெள்ளைப் பட்டை. அதில் டான் கர்னி, காரல் ஷெல்பி போன்ற முன்னணி ஓட்டுநர்களே ஏறி ஓட்டினார்கள். ஸ்காரபின் அழகைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். ஹாட் ராட் மனசு முழுசாகத் தெரிவது என்னவோ இரண்டாவது காரில்தான்.

ஒரு காரைத் திறந்து பார்ப்போம்

காரல் ஷெல்பி டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை நடத்தி நொடித்தவர். 1959இல் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் வென்றவர். இதய நோயால் 1960இல் ஓட்டுவதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஏசி என்ற சிறு நிறுவனத்துக்குச் சிக்கல் வந்தது. அவர்களுடைய ‘ஏஸ்’ காருக்கு வந்துகொண்டிருந்த 2 லிட்டர் பிரிஸ்டல் எஞ்சின் நின்றுபோகும் நிலை. ஷெல்பி 1961 செப்டம்பரில் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அதே சமயம் ஃபோர்டு நிறுவனம் மெல்லிய வார்ப்பில் ஒரு புதிய சின்ன வி8 செய்திருந்தது. ஃபோர்டிடம் கார் கையில் இருப்பதாகவும் ஏசியிடம் எஞ்சின் கையில் இருப்பதாகவும் அவர் பேசினார் என்று சொல்வார்கள். இரண்டுமே அப்போது அவர் கையில் இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பது இதுதான்.

1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத முதல் கார் லாஸ் ஏஞ்சலஸில் வந்திறங்கியது. சேஸிஸ் எண் சிஎஸ்எக்ஸ் 2000. நேரே போன இடம் ஹாட் ராட் உலகின் பிரபல பட்டறைக்காரர் டீன் மூனின் கடை. எட்டு மணி நேரத்துக்குள் 4.3 லிட்டர் ஃபோர்டு வி8 உள்ளே உட்கார்ந்துவிட்டது. பெயின்ட் அடிக்கக்கூட நேரமில்லை. வெற்று அலுமினியத் தகட்டை, பாத்திரம் தேய்ப்பதுபோல் இரும்பு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பிறகு நியூயார்க் கண்காட்சிக்காக மஞ்சள் பெயின்ட் ஏறியது. பத்திரிகைகள் ஓட்டிப் பார்க்கக் கேட்டபோதெல்லாம் நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். படிக்கிறவர்கள், ஷெல்பியிடம் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இருந்தது ஒன்றே ஒன்று.

2016இல் ஏலம் போனது இந்தக் கார்தான். முதல் கோப்ரா.

எட்டு மணி நேரத்தில் எஞ்சினை வைத்துவிடலாம். பந்தயத்தில் அது ஓட வேண்டுமே. சுமார் 120 குதிரைத்திறனுக்கு அளவெடுத்துச் செய்த காரில் 260 குதிரைத்திறனை ஏற்றினால் எதெல்லாம் உடையும் என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

1. *பின் அச்சு.* ஏஸின் பழைய டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இந்த முறுக்கைத் தாங்காது. ஜாகுவார் போன்ற பெரிய கார்களில் போன சாலிஸ்பரி டிஃபரன்ஷியலை வைத்தார்கள்.
2. *பிரேக்.* முதல் காரில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. டிஃபரன்ஷியலை ஒட்டி நடுவில் இருந்தன. அடுத்து வந்த கார்களில் சக்கரத்தின் அருகே கொண்டுவந்தார்கள்.
3. *ஸ்டீயரிங்.* பழைய பாணி ஸ்டீயரிங் பெட்டியை 1963இல் பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட ரேக் அண்ட் பினியனாக மாற்றினார்கள்.
4. *சக்கரம்.* கம்பிச் சக்கரங்கள் அழகு. அகல டயர் வளைவில் கொடுக்கும் பக்கவாட்டு இழுப்பைக் கம்பிகள் தாங்குவதில்லை. பந்தயக் கார்களுக்கு ஹாலிபிராண்டு மெக்னீசியச் சக்கரங்கள் வந்தன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பட்டை ஸ்பிரிங்கில் இருந்தது. லாரியின் பின்சக்கரத்தில் நீளவாக்கில் கிடக்கும் இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏஸ் காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என அந்தப் பட்டை குறுக்கே கிடக்கும். அது வெறும் ஸ்பிரிங் மட்டுமல்ல. சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் கையும் அதுவே. கார் வளைவில் சாயும்போது சக்கரமும் கூடவே சாயும். ஒல்லி டயருக்கு அது பரவாயில்லை. அகல டயர் சாய்ந்தால் ஓரம் மட்டும் தரையைத் தொடும், மீதி அந்தரத்தில் நிற்கும். டயரை அகலமாக்கிப் பிடிமானத்தைக் கூட்டலாம் என்ற கணக்கு அங்கேயே தப்பிப்போகிறது. இதற்கு முழுத் தீர்வு 1965இல்தான் வந்தது. பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங், 3 அங்குலச் சேஸிஸ் குழாய்களுக்குப் பதில் 4 அங்குலக் குழாய்கள், அதன்மேல் 7 லிட்டர் எஞ்சின். வெளியே அதே சாயல். உள்ளே ஏறக்குறைய வேறு கார்.

1962 அக்டோபரில் ரிவர்சைடில் முதல் பந்தயம். பில்லி கிராஸ் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரத்தைப் பிடிக்கும் பாகம் உடைந்து கார் நின்றது. மூன்று மாதம் கழித்து, அதே ரிவர்சைடில் டேவ் மெக்டொனால்டும் கென் மைல்ஸும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். இடையில் நடந்தது முழுக்கப் பட்டறை வேலை. ஸ்காரப் கார்களைச் செய்த ஃபில் ரெமிங்டன் இப்போது ஷெல்பியிடம் இருந்தார். வெனிஸ் பகுதியில் ஸ்காரப் செய்த அதே கட்டடமும் ஷெல்பி கைக்கு வந்திருந்தது. இந்தச் சரித்திரத்தில் நிறுவனப் பெயர்கள் மாறும். ஸ்பேனர் பிடித்த கைகள் பெரும்பாலும் மாறாது.

கூரையில்லாத கோப்ரா நீண்ட நேர்ச்சாலையில் காற்றை நெஞ்சால் முட்டிக்கொண்டு போகும். லெ மானில் அது எடுபடாது. பீட் பிராக் அதே சேஸிஸின்மேல் வால் வெட்டப்பட்ட மூடிய பாடி ஒன்றை வரைந்தார். அதுதான் டேடோனா கூபே. மொத்தம் ஆறு கார்கள். 1964 லெ மானில் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஜிடி (சாலைக் கார்களை ஒட்டிய பந்தயக் கார்கள்) பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நான்காம் இடம். 1965இல் ஜிடி கார்களுக்கான உலகப் பட்டம்.

இனி எது ‘ஒரிஜினல்’?

1962க்கும் 1967க்கும் இடையில் செய்யப்பட்ட கோப்ராக்கள் ஏறக்குறைய 1,000. இன்று உலகில் ஓடும் கோப்ரா உருவங்கள் அதைப்போல் பல மடங்கு. விற்பனை விளம்பரங்களில் புழங்கும் சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் எது எது என்று தெரியும்.

1. *சேஸிஸ் எண்.* காரின் பிறப்புச் சான்று. எந்த எண் எப்போது, யாரிடம் போனது என்பதை ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் பதிவேடாகத் தொகுத்து வைத்திருக்கிறது.
2. *மேட்சிங் நம்பர்ஸ்.* தொழிற்சாலையிலிருந்து வந்த அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.
3. *ப்ரொவனன்ஸ்.* யார் வாங்கினார், எங்கே ஓடியது, எப்போது மோதியது, யார் சரிசெய்தார் என்ற தொடர் வரலாறும் அதற்கான காகிதங்களும். நம் நிலப் பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் எப்படியோ, அப்படி.
4. *கன்டினுவேஷன்.* பெயருக்கு உரிமையுள்ளவர்களே, பழைய வரைவை வைத்துப் பின்னாளில் செய்த புதிய கார். போலி அல்ல, பழையதும் அல்ல.
5. *ரெப்ளிகா.* உருவம் மட்டும். உள்ளே எதுவும் இருக்கலாம்.

இதில் இரண்டாவது சொல்தான் பலரையும் தவறான வழியில் இழுத்துவிடுகிறது. சாதாரணத் தெருக் காருக்கு மேட்சிங் நம்பர்ஸ் நல்ல அளவுகோல். பந்தயக் காருக்கு அது பொருந்தாது. சனிக்கிழமைப் பயிற்சியில் எஞ்சின் வெடித்தால் ஞாயிறு காலைக்குள் வேறொன்று ஏறியிருக்கும். ஒரு பந்தயக் காரில் பிறந்த எஞ்சின் அப்படியே இருக்கிறதென்றால், ‘இது நிஜமாகவே பந்தயத்தில் ஓடியதா?’ என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சேஸிஸ் எண்ணிலும் வில்லங்கம் உண்டு. கார் மோதிச் சேஸிஸ் வளைகிறது. குழு புதிய சேஸிஸைப் பொருத்தி, பழைய எண் தகட்டை அதில் அறைந்து பந்தயத்துக்குப் போகிறது. வளைந்த சேஸிஸ் பட்டறைக்குப் பின்னால் கிடக்கிறது. முப்பது ஆண்டு கழித்து, விலைகள் ஏறியபின், யாரோ அதை எடுத்து நிமிர்த்தி, சுற்றிலும் ஒரு காரைக் கட்டுகிறார். ஒரே எண்ணில் இப்போது இரண்டு கார்கள். இரண்டு பேர் கையிலும் நியாயம் இருக்கிறது.

பந்தய விதிகளே சில சமயம் குழப்பத்தைக் கூட்டின. 7 லிட்டர் கோப்ராவை ஜிடி பிரிவில் சேர்க்க 100 கார்கள் தயாராக இருக்க வேண்டும். பந்தய அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தபோது அவ்வளவு இல்லை. விற்காமல் நின்ற பந்தயக் கார்களுக்கு ‘செமி காம்பெட்டிஷன்’ என்று பெயர் வைத்துத் தெருவுக்கு விற்றார்கள். அன்றைக்குத் தேங்கிய சரக்கு. இன்றைக்கு அதற்குத்தான் கிராக்கி. தெருவுக்கென்றே வந்த ‘427’ (கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு, அதாவது 7 லிட்டர்) கார்கள் சிலவற்றில் இருந்ததோ 427 எஞ்சினே அல்ல, அதைவிட மலிவான 428.

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு பழைய பந்தயக் கார்களுக்குத் தொழில்நுட்ப பாஸ்போர்ட் கொடுக்கிறது. கார் அந்தக் கால விதிப்படி அமைந்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. இதுதான் அந்தக் கார் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. பாஸ்போர்ட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

நீதிமன்றம் ஏறிய பென்ட்லி

கேள்வியை அதன் வேர்வரை தோண்டிய வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் வென்ற ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். செல்லப் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. வென்றபிறகு அது ஓய்வெடுக்கவில்லை. 6.5 லிட்டர் எஞ்சின் போய் 8 லிட்டர் எஞ்சின் வந்தது. 1932இல் புரூக்லாண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் சரிவுச் சுவரின் விளிம்பைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். மறுபடி கட்டினார்கள், இந்த முறை மூடிய கூபே பாடியுடன். பிற்காலத்தில் அதுவும் போய்த் திறந்த பாடி வந்தது.

1990இல் இதை வாங்க ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 1 கோடி பவுண்டு. பிறகு, ‘இது அந்தக் காரே அல்ல’ என்று பின்வாங்கியது. உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஓட்டன் காரைப் பாகம் பாகமாகக் கணக்கெடுத்தார்.

1. 1929 காரிலிருந்து எஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலம் குறிக்க முடியாத சில்லறைப் பொருத்துகள் மட்டும்.
2. 1930 காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தூண்.
3. 1932 காரிலிருந்து சேஸிஸ், ஸ்பிரிங்குகள், முன் அச்சு, 8 லிட்டர் எஞ்சின் உள்ளிட்ட பல.

இந்தக் கணக்கைப் பார்த்தால் வாங்க மறுத்தவர் பக்கம்தான் தீர்ப்புப் போகும் என்று தோன்றும். போகவில்லை. எந்த ஒரு நாளிலும் இந்தக் கார் பிரிந்து இல்லாமல் போய்விடவில்லை என்றார் நீதிபதி. புதிய பாகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, பந்தய வாழ்க்கையின் போக்கிலேயே, அதில் சேர்ந்து அதன் பகுதியாகிவிட்டன. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று உரிமை கொண்டாட வேறு எந்தப் பென்ட்லியும் உலகில் இல்லை. ஆகவே இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது. உண்மையான ‘ஓல்ட் நம்பர் ஒன்’ இதுவே.

ஒரிஜினல் வேறு, உண்மையானது வேறு என்று சட்டம் சொன்னது ஐரோப்பியர்களுக்குத் தத்துவப் பிரச்சினையாக இருந்தது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டியபோது, இது பழைய தேர்தானா என்று வடம் பிடித்தவர் யாரும் கேட்கவில்லை. அதே வீதி, அதே ஊர், அதே வரிசை. தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது: மாற்றம் ஓட்டத்தின் நடுவே நடந்திருக்க வேண்டும். கிடங்கில் கிடந்த கியர்பாக்ஸ் உறையை எடுத்துவைத்து, நேற்று மீதியைச் செய்தால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை இதிலேயே வந்துவிட்டது. 92 கோடி கொடுத்தவர் அலுமினியத்தையும் எஞ்சினையும் வாங்கவில்லை. 1962 பிப்ரவரியின் அந்த எட்டு மணி நேரத்தையும், 2012இல் ஷெல்பி இறக்கும்வரை கார் அவர் கையை விட்டுப் போகவில்லை என்பதையும் வாங்கினார். நம்மூரில் எஞ்சின் மாற்றிய கார் விலை விழுவதற்குக் காரணம் மாற்றம் மட்டுமல்ல. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது தெரியாமல் போவதும்தான்.

டிங்கரிங் செய்து புதுசாக்கினால் என்ன போகும்?

நீண்ட காலம் ‘ரெஸ்டோரேஷன்’ என்றால் பழைய பெயின்ட்டைச் சுரண்டி, ஒடுக்கு எடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிடப் பளபளப்பாக்குவது என்றே அர்த்தம். பந்தயக் காருக்கு இது ஒரு விதத்தில் அழிவு வேலை. மெக்கானிக் அவசரத்தில் போட்ட கோணல் வெல்டிங், கூடுதல் காற்றுக்காகத் தகட்டில் வெட்டிய ஓட்டை, எண் ஒட்டியிருந்த இடத்தில் நிறம் மாறிய வட்டம் எல்லாம் அந்தக் காரின் நினைவுகள். பட்டி பூசித் தேய்த்தால் அவை போயே போய்விடும். திரும்ப எழுத முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் முதல் டேடோனா கூபே, சிஎஸ்எக்ஸ் 2287. 1964இல் டேடோனா பந்தயத்தில், பிட்டில் (பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பி, பழுது பார்க்கும் இடம்) தீப்பிடித்தது. 1965 நவம்பரில் பானவில் உப்புப் பாலைவனத்தில் வேகச் சாதனைகள் படைத்தது. பிறகு தனியார் கைகளுக்குப் போய், பல பத்தாண்டுகள் ஒரு சேமிப்பு அறையில் முடங்கி, 2001இல் வெளியே வந்தது. பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகம் அதை மறுசீரமைக்காமல் வைத்திருக்கிறது. 2014இல் அமெரிக்க அரசின் வரலாற்று ஆவணத் தொகுப்பில், தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டின் முதல் காராகச் சேர்க்கப்பட்டது இதுதான். புத்தம் புதிதாய் மினுக்கியிருந்தால் ஆவணப்படுத்த அதில் என்ன மிஞ்சியிருக்கும்?

எதிர்வாதமும் இருக்கிறது. துருப்பிடித்த சேஸிஸை மரியாதைக்காக அப்படியே விட்டுவிட்டு மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓட்ட முடியாது. ஓட்டுகிற காருக்குப் பாகம் மாற்றித்தான் ஆகவேண்டும். அதனால்தான் சிலர் நிஜக் காரை வீட்டில் நிறுத்திவிட்டு, பந்தயத்துக்கு அதன் நகலை எடுத்துப் போகிறார்கள். அதில் தவறில்லை, நகல் என்று சொல்லிவிட்டால்.

இந்திய விதியும் சோழவரத்துக் கார்களும்

இதெல்லாம் கலிபோர்னியா விவகாரம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு விதி இங்கே இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனி வகை வந்தது. சுருக்கமாக:

1. வாகனத்துக்கு 50 வயது கடந்திருக்க வேண்டும்.
2. ‘விஏ’ எழுத்துகளுடன் தனி வரிசைப் பதிவெண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்.
3. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ கூடாது.
4. மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

நான்காவதில்தான் முள். தெருவில் ஓடும் வாகனத்தைத் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. வரலாற்றுப் பொருளுக்கும் அதே அளவுகோலை வைத்தால், பந்தயக் கார் என்ற இனமே கதவுக்கு வெளியே நிற்கும். சிஎஸ்எக்ஸ் 2000, ‘ஓல்ட் நம்பர் ஒன்’ இரண்டுமே இந்த விதியில் தேறுவது சிரமம்.

சோழவரத்தில் ஓடியவை என்ன? இறக்குமதிக்குக் கதவு அடைத்திருந்த காலம். கிடைத்ததை வைத்துத்தான் வேலை. ஃபியட் 1100, சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று குடும்பக் கார்களின் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டர் கூட்டி, சீட்டைக் கழற்றி ஓட்டினார்கள். ஏரிப் படுகையில் கலிபோர்னியாக்காரர்கள் செய்த அதே வேலை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபின் ஓடுபாதைக் காலம் முடிந்தது. அப்படி ஓடிய ஹெரால்டு ஒன்று இன்றும் யார் வீட்டு ஷெட்டிலாவது இருந்தால், விஏ எண் வாங்குவதற்காக அதைத் தொழிற்சாலை வடிவுக்குத் திருப்பவே விதி தூண்டும். டாக்டர் வீட்டு வாசலில் 50 வருடம் நின்ற ஹெரால்டுக்குக் கிடைக்கும் மரியாதை, பந்தயம் ஓடிய ஹெரால்டுக்குக் கிடைக்காது.

பந்தயக் காலத்தில் செய்த மாற்றத்தையும் அந்தக் காரின் மூல வடிவாக ஏற்பது என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அப்படி ஒரு நாள் வந்தால், விண்ணப்பத்துடன் என்ன இணைப்பீர்கள் என்று அதிகாரி கேட்பார். ஹெட் சீவிய லேத் பட்டறையின் ரசீது, பந்தயத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணச் சீட்டு, ஓடுபாதையோரம் கதவில் எண் தெரிய எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இவை பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டியிலும் பரண்மேல் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும். காரை விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான்.